டேக் பத்தொன்பது

இரண்டு டெராவில் பதினோரு ஜிபி மிச்சம்.
சிவப்புக் கோடு சுவரில் முட்டி நிற்கிறது.
காலை ஒன்பதுக்குத் திருவட்டாறு பாடகர் குழு,
எட்டுத் தொண்டை, எட்டு மைக்.
கருங்கல் சந்தையோரம், சிமெண்டுக் கடை மாடியில்
ஏசியை நிறுத்திவிட்டு உட்கார்ந்திருக்கிறேன்.
மணி பன்னிரண்டே கால்.

நாலு நிமிடப் பாட்டு.
ஃபோல்டரைத் திறந்தால் முப்பத்தெட்டு ஜிபி.
இந்த மென்பொருளில் ஒரு கத்தரிக்கோல் உண்டு,
அது எதையும் வெட்டாது.
நறுக்கி எறிந்ததாக நான் நினைத்த இருமல்
பாவாடை மடிப்புக்குள் தைத்த துணிபோல
உள்ளேயே இருக்கிறது.
ஓரத்தைப் பிடித்து இழுத்தால்
டிசம்பர் மழை,
கீழே லோடு இறக்கும் லாரி,
கதவைத் திறந்து "சாயா எத்தன?" என்றவனின் குரல்
எல்லாம் இருபத்துநாலு பிட்டில், சுத்தமாக.

பயன்படாத கோப்புகள் 1312. நீக்கவா?
என்று கேட்கிறது.
நம்பமாட்டேன். ஒவ்வொன்றாய்க் கேட்டு நீக்குகிறவன் நான்.
அதனால்தான் டிஸ்க் நிறைகிறது.

டேக் ஏழு, சுருதி இறங்கியிருக்கிறது. போ.
டேக் பன்னிரண்டு, ஹெட்போனிலிருந்து தாளம் கசிந்திருக்கிறது. போ.
டேக் பத்தொன்பது, விஜிலா.
அனுபல்லவி முடிந்து இரண்டு மூச்சு.
பிறகு, மைக்குக்கு மிக அருகில்:
"மூணு பாட்டு பாட வச்சிட்டு
ரெண்டுக்குத்தான் துட்டு தருவான், பாத்துக்கோ.
ஸ்பீக்கரு மட்டும் புதுசு புதுசா வாங்குவான்."
டெல்பின் சிரிக்கிறான்.
சிரிப்பில் கை தவறிக் கீபோர்டில் ஒரு கட்டை.

நான் அப்போது
பைக்கை மழையிலிருந்து நகர்த்தக் கீழே போயிருந்தேன்.
சிவப்புப் பொத்தான் எரிந்துகொண்டே இருந்திருக்கிறது.

மூணாவது பாட்டில் அவளுக்கு வார்த்தையே கிடையாது,
வெறும் 'ம்'.
'ம்'முக்கு என்ன கணக்கு என்று விட்டிருந்தேன்.
நோட்டைப் புரட்டினேன். ஆயிரத்து ஐந்நூறு.
இன்னொரு முறை கேட்டேன்.
சிரிப்பு வரும் இடத்தில் எனக்கும் வந்தது, எளவு.

மென்பொருளைக் கேட்காமல்
நேரே ஃபோல்டருக்குள் போய் அந்தக் கோப்பைப் பிடித்தேன்.
குப்பைத் தொட்டி.
தொட்டியும் காலி.
ஒன்று பத்துக்கு அவள் நம்பருக்குப் பணம் அனுப்பினேன்,
குறிப்பில் ஒன்றும் எழுதாமல்.
மீதியெல்லாம் வேகமாகப் போயிற்று.
நூற்று அறுபது ஜிபி. தூங்கினேன்.

எட்டரைக்கு
இரணியல் பாதிரியார் கேட்ட நகலை எடுக்க
மூணாவது பாட்டைத் திறந்தேன்.

டேக் 19 கிடைக்கவில்லை. எங்கே தேட?

அந்த 'ம்'.
பேச்சு முடிந்து, யாரும் கேட்காமல்,
கோப்பின் வாலில் அவள் சும்மா முனகிய பதினோரு வினாடி.
அந்த வாலை மட்டும் கேட்டு
நானேதான் அங்கிருந்து எடுத்து இங்கே ஒட்டினேன்.
எடுத்தது எங்கிருந்து என்பது மறந்துவிட்டது.
இப்போது அந்த இடத்தில்
அதே நீளத்தில், அலை இல்லாத ஒரு பெட்டி.

ஃபோன் அதிர்கிறது. விஜிலா.
"காசு வந்திருக்கு. இது எந்தப் பாட்டுக்கு?"

மாடிப்படியில் திருவட்டாறுக்காரர்கள்
செருப்பு கழற்றும் சத்தம்.

மூணாவது, என்று தட்டினேன். அழித்தேன்.
அட்வான்ஸ், என்று தட்டினேன்.
இன்னும் அனுப்பவில்லை.