மூன்று கம்பு

புதுவயலில் எங்கள் வீட்டுக் கொல்லையில்
ஒரு சாண் தோண்டினால் செம்புறாங்கல்.
கடப்பாரை பட்டால் பொறி பறக்கும்,
கம்பு எங்கே இறங்கும்?

போன ஆடியில் தக்காளிக்கு
ஆளுக்கொரு மூங்கில் சிம்பு நட்டுவைத்தேன்.
காய் பிடித்த வாரம் காற்று வந்தது.
விடிந்து பார்த்தால்
பதினோரு செடியும் கிழக்கே தலைவைத்துப் படுத்திருக்கின்றன,
பக்கத்திலேயே சிம்புகளும்,
சண்டையில்லாத குடும்பம்போல.

"சந்தையில் கிலோ இருபது" என்றார் இவர்
பல் துலக்கிக்கொண்டே.
ரைஸ்மில்லில் மூட்டைக் கணக்கு எழுதுகிறவள் நான்.
இருபது எவ்வளவு என்று எனக்கும் தெரியும்.

காரைக்குடி வெல்டிங் பட்டறையில்
இரும்புக் கூண்டு ஒன்று நானூற்று ஐம்பது.
பதினொன்றால் பெருக்கினேன்.
டீ மட்டும் குடித்துவிட்டு பஸ் ஏறினேன்.

தைலமரக் கூப்பில் கழித்துப்போட்ட நுனிக்கழி
பேரம் போக முப்பத்துமூன்றும் இருநூற்றுப் பத்து.
அடிமுழத்தை மில் உலையில், உமித் தீயில்
கரிய வாட்டிக் கொடுத்தார் பாய்லர் சேவுகன்.
கரியைக் கறையான் தின்னாதாம்.
சாக்குத் தைக்கிற சணல், கேட்டு வாங்கியது.

மூன்று கழியின் தலையைச் சேர்த்துக் கட்டி
காலை அகட்டி நிறுத்தினால் போதும்,
மண்ணிடம் கெஞ்ச வேண்டாம்.
கடப்பாரையை மறித்த அதே கல்லைப் பெயர்த்து
காலுக்கொன்றாய் அண்டக்கொடுத்தேன்.

கிழிந்த நைட்டியை நாடா நாடாவாக்கி
தண்டுக்கும் கழிக்கும் நடுவே எட்டுப்போல முடிச்சு.
முதல் செடியில் இறுக்கிவிட்டேன்.
தண்டு பருத்ததும் துணி சதைக்குள் போயிருந்தது.
சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜெயினம்புதான் பார்த்தாள்:
"விரல் நுழையணும்க்கா, வளையல் மாதிரி."
எல்லா முடிச்சையும் அவிழ்த்து
விரல் விட்டு விட்டுக் கட்டினேன்.
ஒரு ஞாயிற்றுக்கிழமை அதிலேயே போனது.

ஐப்பசிக் கடைசியில் ஒரு ராத்திரி
தகரம் பறக்கிற சத்தம், கரண்டும் இல்லை.
கை நீட்டினால் பாயில் இவரில்லை.

கொல்லைக் கதவு திறந்து கிடந்தது.
மழையில், தூக்கிக் கட்டிய லுங்கியோடு,
வாயில் டார்ச்சைக் கவ்விக்கொண்டு
ஓரத்து முக்காலியை இரண்டு கையாலும்
பிடித்துக்கொண்டு நிற்கிறார்.

மற்ற பத்தும் அவரில்லாமலே நின்றன.
அதுவும் நிற்கும்.

"விட்டுட்டு வாங்க" என்றேன்.

டார்ச்சை எடுக்காமல் ஏதோ சொன்னார்.
கிலோ தொண்ணூறு என்று காதில் விழுந்தது.