மைனஸ் எண்பது

டர்பனில் இன்று ஆறாம் கட்ட மின்வெட்டு.
எட்டுக்கு உம்பிலோ சாலை அணையும்,
பத்துக்கு எங்கள் ஆய்வுக்கூடம்.
டீசல் தீர்ந்ததென்று தொபேகா
சிரித்துக்கொண்டே சொன்னாள்.

உறைபெட்டிக்குள் இருபது மைக்ரோகிராம்:
மனிதப் புரதம், பாக்டீரியா சமைத்தது.
டி.என்.ஏ. மேல் ஏறி உட்கார்ந்து
எந்த மரபணு பேசலாம்,
எது வாய்மூட வேண்டும் என்று சொல்லும்.
லேபிளிலோ, "மனித உபயோகத்துக்கு அல்ல."

கண்ணுக்கும் கல்லீரலுக்கும் ஒரே புத்தகம்தான்.
விளக்கு எந்தப் பக்கத்தில் விழுகிறது, அவ்வளவே.

உலர்பனி தேடிப் போன லோகன் செட்டி
மீன்கடை ஐஸோடு திரும்பினான்.
"இது போதாது."
"தெரியும்."

பத்து ஆனது.
குன்றின் வீடுகள் தெருத்தெருவாக வாய்மூடின.
உறைபெட்டியில் முதுகு சாய்த்து
ஒரே பன்னி சௌவை மூவரும் பிய்த்துத் தின்றோம்.
கதவைத் திறக்காமல் இருப்பதுதான்
இன்றிரவு ஆராய்ச்சி.