இம்தியாஸின் கணக்கு

பம்பலப்பிட்டி மாடிக்கடையில்
பக்கத் தகட்டைக் கழற்றினான் இம்தியாஸ்.
உள்ளே வெள்ளவத்தைக் கடல்.
திருகாணிகளில் உப்புத் துரு,
விசிறியில் ஒன்பது வருடத் தூசு,
பல்லி முட்டை ஒன்று, வெறும் ஓடு.

"கிராபிக்ஸ் கார்ட் மாத்தலாம் அண்ணே.
ஆனா பவர் சப்ளை தாங்காது.
அத மாத்தினா போர்ட் சரிவராது.
புது போர்ட்டுக்கு இந்த ராம் ஏறாது."
கல்குலேட்டரைத் தட்டிக்கொண்டே போனான்.
கடைசியில் மிஞ்சியது
பெட்டியும் அதன் பொத்தானும்.

புதிதென்றால் மூன்றரை இலட்சம்.
வீட்டு முற்பணத்துக்கு ஒதுக்கிய காசு
கிட்டத்தட்ட அவ்வளவுதான்.
அது எனக்கு ஞாபகம் வரும் என்று
தர்மினிக்குத் தெரியும்.
அதனால்தான் கூட வரவில்லை.

ஆட்டத்தில் நான் எப்போதும் பிந்தி.
ஜெயகரன் கதவை உடைத்து
உள்ளே போய், செத்து, மறுபடி பிறந்து
"எங்கயடா நிக்கிறாய்?" என்று
ஸ்காபரோவிலிருந்து கத்தும்போது
என் திரையில் அந்தக் கதவு
பூட்டியபடி இருக்கும்.

"என்ன செய்வம்?"
"தூசு தட்டித் தாங்கோ."
எண்ணூறு ரூபா.
முட்டை ஓட்டை மட்டும்
ஏனோ கேட்டு வாங்கினேன்.

அன்றிரவு விசிறி இரையவில்லை.
ஜெயகரனின் குரலுக்குப் பின்னால்
ஏதோ சிணுங்கியது.
"ஆரடா அது?"
"மகள். நாலு மாசம். எத்தினை தரம் சொன்னனான்?"

கதவு இன்னும் திறக்கவில்லை.
"பேர் என்ன?" என்று கேட்டேன்.
அவன் அங்கே
செத்துக்கொண்டிருந்தான்.