இருநூறு மீட்டர்

எழுதுங்க ரைட்டர்.
பேரு தேசம்மா, வயசு நாப்பத்தி மூணு.
தொழில்னு ஒரு கட்டம் கீதே,
போன தபா அதுல கூலின்னு போட்டீங்க.
அதுக்கு முந்தி வீட்டு வேலை.
ஒரு தபா வெறும் கோடு இழுத்தீங்க.
இன்னிக்கு இன்னா போடறதா உத்தேசம்?

குத்தம்னு மட்டும் போடாதீங்க.
அப்படி ஒரு வரி சட்டத்துல இல்லியாம்.
வக்கீலம்மா ஷாஹிதா, மேல்விஷாரத்துக்காரங்க,
புஸ்தகத்தைப் பிரிச்சு விரல் வெச்சுக் காட்டினாங்க.
எனக்குப் படிக்க வராது,
விரல் எங்க நின்னுச்சுன்னு தெரியும்.
வயசு வந்தவ, அவ இஷ்டம், அவ உடம்பு,
அது குத்தமில்லை.
அதைச் சுத்தி கீறதெல்லாம் குத்தம்.
கதவு இருக்கலாம், நிலை இருக்கக் கூடாது,
அந்த மாதிரி.

நான் ஒண்டியா இருந்தா அது வீடு.
பாதி வாடகைக்கு நாகரத்தினம் வந்து சேர்ந்தா
அதே நாலு சுவரு, அதே ஒழுகற ஓடு,
விடுதின்னு பேரு மாறிடுது.
வாடகை ஆறாயிரம் சார்.

தெருவுல நின்னேன்னு ஒரு வாட்டி புடிச்சீங்க.
ஆஸ்பத்திரி, கோயில், பள்ளிக்கூடம்,
இதுங்ககிட்டேருந்து இருநூறு மீட்டர் தள்ளணுமாம்.
ஒரு நாள் விடியக்காலைல நடந்து பார்த்தேன்.
என் காலுக்கு முந்நூத்திப் பத்து அடி.
பெரிய ஆஸ்பத்திரி கேட்டுலேருந்து எண்ணினா
எரநூத்தித் தொண்ணூறுல கெங்கையம்மன்.
அங்கேருந்து எண்ணினா மசூதி.
மசூதி தாண்டறதுக்குள்ள கான்வென்ட்டு,
எதுத்தாப்புல நர்சிங் ஹோமு,
லாட்ஜு மாடியில கூட
மொட்டையடிச்ச பெங்காலிப் புள்ளைக்கு டிரிப்ஸ் ஏறுது.
இந்த ஊர்ல சாமியும் நோவும் இல்லாத எடம்
பாலாத்து மணல் நடுவுல மட்டுந்தான்.
அங்க தண்ணியே வர மாட்டேங்குது,
ஆளு எப்படி வருவான்?

சிரிக்கிறீங்க. சிரிங்க.
வேலூருக்கு ஒரு சொலவடை கீதில்ல,
தண்ணியில்லாத ஆறு, ராஜா இல்லாத கோட்டை,
அழகில்லாத பொம்பளைங்கன்னு.
நீங்க எங்களைப் புடிச்ச மறுநாள் பேப்பரைப் பாருங்க:
நாலு அழகிகள் மீட்பு.
மீட்டு எங்க விட்டீங்க?
காப்பகத்துல, பூட்டுக்கு உள்ள.
நாகரத்தினம் பதினாலு மாசம் தையல் கத்துக்கினு வந்தா.
போறதுக்கு முந்தியே அவளுக்குத் தைக்கத் தெரியும்.

என் பையில கெடந்த ஆணுறையை
மேசை மேல பரப்பி எண்ணினீங்களே,
அது கவுர்மெண்ட் நர்சம்மா குடுத்தது.
அது சாட்சி ஆவாதுன்னு
டெல்லிக் கோர்ட்டே சொல்லிடுச்சாம்.
இங்க வந்து சேரலியா அந்தக் காயிதம்?

இன்னிக்கு யாரும் என்னை இட்டுக்கினு வரல ரைட்டர்.
பெஞ்சுல குந்தினதுமே ரிஜிஸ்தரைப் பிரிச்சிட்டீங்க,
கேக்கவே இல்ல.
நான் புகார் குடுக்க வந்தவ.

என் புள்ளை புவனேஷுக்கு
போன வியாழக்கெழமை பதினெட்டு முடிஞ்சுது.
பாலிடெக்னிக் ரெண்டாவது வருஷம்.
வெள்ளிக்கெழமை உங்க ஆளு ஒருத்தரு
காட்பாடி பஸ்ஸுலேருந்து அவனை எறக்கி
ஆயி சம்பாத்தியத்துல துன்றவனும் குத்தவாளிடா,
இனிமே உன் பேருலயும் கேஸு போடலாம்,
மாசம் ரெண்டாயிரம் எடுத்து வைன்னாரு.

விசாரிச்சேன்.
அந்த வரி மட்டும் நெசமாவே புஸ்தகத்துல கீது.
அங்க வெச்ச விரலை
வக்கீலம்மா சீக்கிரமா எடுத்துட்டாங்க.
புதங்கெழம சோறு பாசம்,
வெள்ளிக்கெழம அதே சோறு வழக்கு.

அஞ்சு நாளா அவன் வீட்டுல துன்னல.
இலவம்பாடி முள்ளுக்கத்திரிக்கா கொழம்புன்னா உசுரு அவனுக்கு.
வெச்சு மூடினது நொதிச்சுப் போச்சு.
கையக் காட்டி, கடையில ஆச்சும்மான்றான்.
கடைக்கு ஏது காசு?

அந்தச் சோத்துல எந்தப் பருக்கை குத்தம்னு
நீங்களே வந்து காட்டுங்க,
பொறுக்கி எறிஞ்சிடறேன்,
மிச்சத்தை அவன் துன்னட்டும்.

எழுதுங்க.
ரெண்டாயிரம் கேட்டவரு பேரு நான் சொல்றேன்,
வெளிய ஷூ தொடைச்சிக்கினு நிக்கிறாரு, கேக்கட்டும்.
தொழில் கட்டத்தைக் கடைசியா போட்டுக்கலாம்,
எனக்கு அவசரமில்ல.
ரசீது குடுங்க மொதல்ல.
சீல் வெச்சு.