ஃபோகஸ் லைட்

பழையபேட்டைக் கடைக்கு அந்த அம்மா கொண்டுவந்தது
யார் யாருடையவோ கல்யாணங்கள்.
ஏழு கேசட். கேமராக்காரர் வீட்டுப் பரணில் கிடந்த,
பாட்டு ஏற்றாத, வெட்டாத சுருள்கள்.
"பொண்ணு வீடா, மாப்பிள்ளை வீடா நீங்க?"
"ரெண்டும் இல்லீங்க. மாதேசு லைட்டு பிடிச்சது."

கேசட்டுக்கு நானூற்றைம்பது.
பூஞ்சை இருந்தால் நூறு கூட.
இருந்தது,
மாம்பூவில் சாம்பல் நோய் விழுந்ததுபோல.
ஸ்பிரிட் தொட்டுத் துடைத்து, வேறு கூட்டில் மாட்டி,
பெங்களூரில் வாங்கிய கிழட்டு டெக்கில் விட்டேன்.
இரண்டு இடத்தில் கடித்துத் துப்பியது.

காவேரிப்பட்டணம், தொண்ணூற்று நாலு, ஆவணி.
பந்தி. மறுபடி பந்தி.
வெளிச்சம் பட்டதும்
மென்ற வாயை மூடிக்கொள்கிறார்கள்.
ஒரு குழந்தை கண்கூசி அழுகிறது.

"லைட்டு பிடிக்கிறவரு படத்துல வரமாட்டாரும்மா."
"தெரியும். ஓட்டுங்க."

கெட்டிமேளம்.
வெளிச்சம் மணமேடையை விட்டு மெல்ல நழுவி
தூணோரம் நிற்கும் பச்சைத் தாவணிமேல் போய்
நின்றுவிடுகிறது.
தாலி இருட்டில் ஏறுகிறது.
"டேய் மாதேசு!" என்று ஒரு குரல்.
மேடைக்குத் துள்ளித் திரும்புகிறது வெளிச்சம்.

நான்கு நொடி.
இருட்டைத் தூக்கிவிட என்னிடம் மென்பொருள் இருக்கிறது.
கை மவுசுக்குப் போனது.
பிறகு அந்த அம்மாவின் மூக்குத்தியைப் பார்த்தேன்,
திரையைப் பார்த்தேன்,
கையை எடுத்துவிட்டேன்.

மிச்சம் ஆறையும் ஓட்டணுமா என்று கேட்டேன்.
பணத்தை எண்ணிக்கொண்டே சொன்னார்:
"வேணாம். அதுலல்லாம்
ஒழுங்கா பிடிச்சிருப்பாரு."