இரண்டு கட்டங்கள்

ஷாரி ஆறு வற்றி வற்றிக்
குட்டைகளாய்த் துண்டுபடும் மாதம்.
மீன்குடலை முழ ஆழம் புதைத்தாயிற்றா என்று
வீடு வீடாய்க் கேட்டுப் போகிறேன்.
சிரிக்கிறார்கள்.
செத்த மீனுக்குச் சவக்குழி வெட்டுகிறவள்
என்று எனக்குப் பேர்.

ங்கார்பாயின் நாய்க்கு முன்னங்கால் வீங்கியிருந்தது.
கொப்புளம் உடைந்த இடத்தில்
வெள்ளை நூல்போல ஒரு நுனி.
பதிவேடு பெயர் கேட்டது.
நாய்க்கு ஏது பெயர் என்றான்.
பிறகு யோசித்து,
ஞாயிற்றுக்கிழமை கிடைத்தது,
திமான்ஷ் என்று போடு என்றான்.

மாமரத்தில் கட்டினோம்.
நரம்புச் சிலந்திக்கு
மருந்து கிடையாது, ஊசி கிடையாது.
ஒரு கயிறு, ஒரு குச்சி,
நாளுக்கு இரண்டு விரற்கடை சுற்றுகிற பொறுமை.
இழுத்தால் அறும்.
அறுந்தால் உள்ளே சீழ்.

எரிகிற கால் தண்ணீரைத் தேடும்.
அது புழுவின் யோசனை;
காலின் யோசனைபோல வேடம் போட்டு வரும்.
தண்ணீர் பட்டதும்
ஆயிரமாயிரம் குஞ்சுகளை அவிழ்த்துவிடும்.
நீர்த்தெள்ளு அவற்றைத் தின்னும்,
தெள்ளை நாம் குடிப்போம்,
அல்லது மீன் விழுங்கும்,
மீன்குடலை நாய் விழுங்கும்.
ஒரு வருடம் சத்தமே இருக்காது.

ஒன்பதாம் நாள் விடிகாலை
கடித்த கயிறு மட்டும் கிடந்தது.
சேற்றில் பாதச் சுவடு,
மூன்று அழுத்தமாக, ஒன்று மேலாக.
குட்டையில், வயிறு நனையும் ஆழத்தில்,
கண்ணை மூடிக்கொண்டு நின்றது திமான்ஷ்.
அந்த முகத்தின் நிம்மதி
எனக்குத் தெரிந்த நிம்மதி.

ங்கார்பாய் மூச்சிரைக்க வந்தான்.
நாயைக் கட்டிக் காத்தால் பணம் தருவார்கள்.
அதில் வலை வாங்குவதாய்க் கணக்கு.
"யார் பார்த்தார்கள் டெனெமாஜி?
இல்லை என்று எழுது."

தண்ணீரில் இறங்கியதா?
ஆம். இல்லை.
நகத்தளவு இரண்டு கட்டங்கள்.

எனக்குப் பதினான்கு வயதில்
மோட்டார் சைக்கிளில் வந்த ஆளும்
இதையேதான் கேட்டான்.
என் கணுக்காலில் துணி சுற்றியிருந்தது.
அம்மா பின்னால் நின்றாள்.
ஊர் குடிக்கும் குளத்தில்,
இருட்டில், முழங்கால்வரை இறங்கி நின்று
அழுகையை நிறுத்தியிருந்தேன்
முந்தின இரவு.
இல்லை என்றேன்.
அவன் நம்பி எழுதிக்கொண்டு போனான்.

மறு வருடம் சோளம் அறுக்கிற நேரத்தில்
பதினொரு கால்கள்.
ஐந்தாவது என் தம்பி மைலாவின் கால்.
யாரோ அவசரப்பட்டு இழுத்து அறுத்தார்கள்.
இப்போதும் இடது குதிகாலை
ஊன்றாமல்தான் நடக்கிறான்.

ஆம் என்ற கட்டத்தில் கோடு போட்டேன்.
பேனா மை வரவில்லை.
உதறிவிட்டு மறுபடியும் போட்டேன்.

குட்டையை அடைத்தார்கள், மருந்து ஊற்றினார்கள்.
தெள்ளு சாகும், மீன் சாகாது என்றதை
ஒருவரும் நம்பவில்லை.
தூரத்துக் குழாய்க்குக் குடம் சுமக்கும் பெண்கள்
என் வாசலைக் கடக்கும்போது
பேச்சை நிறுத்திக்கொள்கிறார்கள்.
ங்கார்பாய் கிழிந்த வலையோடு
முகம் திருப்பிப் போகிறான்.
என்னைக் கண்டு வாலாட்டுகிற ஒரே ஜீவன்
திமான்ஷ்தான்.
அதற்கும் துணியில் வடிகட்டிய தண்ணீர்தான்,
ஓட்டைவிழுந்த அலுமினியத் தட்டில்.
பத்தொன்பதாம் நாள் புழு முழுசாக வந்தது.
அளந்தேன்: எண்பத்திரண்டு சென்டிமீட்டர்.
குப்பியில் போட்டு மூடினேன்.

இனி ஒரு வருடம் பார்க்க வேண்டும்,
ஒவ்வொரு காலாக:
மனிதக் கால், நாய்க் கால், பூனைக் கால்.

இன்று சாயங்காலம் மைலாவ்
ங்கார்பாயின் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தான்,
இடது காலை நீட்டிவைத்தபடி.
பக்கத்தில் போய் உட்கார்ந்தேன்.
நூலின் மறுமுனையைப் பிடித்துக்கொள் என்றான்.
பிடித்துக்கொண்டேன்.
"உன் கால் இருக்கிறதே, மைலாவ்"
என்று தொடங்கினேன்.