பதினான்காம் கட்டம்

மார்லிஸ் ஹெண்ட்ரிக்சன் டுலுத் நகரிலிருந்து எழுதியிருந்தார்:
எங்கள் குடும்பத்து வரியில், 1920 கணக்கெடுப்பில்,
அல் என்றொருவர் வருகிறார்.
முழுப்பெயர் கிடைக்குமா?
படம் இணைத்திருக்கிறேன்.

படத்தில் ஒரு மீசைக்காரர்.
கையில் முழங்கை நீள மீன்.
பார்வை மட்டும் வேறெங்கோ.
பின்புறம், பிற்காலத்துக் கையெழுத்தில்,
‘அல் மாமா’.

நூலகத்தின் நிலவறையில் சுருளை மாட்டித் திருகினேன்.
கறுப்பில் வெள்ளையாக ஒரு தெரு ஓடியது.
மிச்சிகனின் வடக்கு ஓரம், செப்பு எடுத்த ஊர், ஜனவரி.
கணக்கெடுத்தவர் வில்பர் ட்ரெசைஸ்.
மை உறைந்திருக்க வேண்டும்;
ஏழாம் எண்ணில் பேனாவை விட்டுப் பென்சிலுக்கு மாறுகிறார்,
ஒன்பதில் மறுபடி பேனா.
அந்த வீட்டில் அடுப்பு நன்றாக எரிந்தது
என்று வைத்துக்கொண்டேன்.

பதினான்காம் கட்டத்தில் இரண்டெழுத்துக்குத்தான் இடம்.
குடியுரிமை பெற்றவனுக்கு நா.
முதல் மனு போட்டுக் காத்திருப்பவனுக்குப் பா.
ஏலியனுக்கு அல்.

இவற்றைத் தமிழில் படிக்கக் கூடாது,
வேலைக்கு ஆகாது.
ஆனால் சுருள் ஓடும்போது மனம் சும்மா இருக்கிறதா:
கிடைத்தவனுக்கு நாக்கு,
காத்திருப்பவனுக்குப் பாட்டு,
மற்றவனுக்கு இருட்டு.

எண் ஒன்பது. உர்ஹோ லைட்டிலா,
சுரங்கத்தில் தள்ளுவண்டிக்காரர்.
பிறந்த இடம் ரஷ்யா. அதை அடித்து, ஃபின்லாந்து.
ட்ரெசைஸ் தானாக அடித்தாரா,
பக்கத்தில் நின்று உர்ஹோ அடிக்கவைத்தாரா?
இரண்டாவது கோடு காகிதத்தைக் கீறியிருக்கிறது.
வந்த ஆண்டு 1903.
அடுத்த கட்டத்தில் அல்.

ஆக, மார்லிஸ்,
அல் உங்கள் மாமா அல்ல.
அல் ஓர் ஆளே அல்ல.

இதை அனுப்பியிருந்தால் அன்றைய வேலை முடிந்திருக்கும்.
கண் ஒரு வரி கீழே இறங்கிவிட்டது.

தெர்ஸா, மனைவி, வயது இருபத்தொன்பது.
பிறந்தது மிச்சிகன். அப்பா அம்மா கார்ன்வால்.
வந்த ஆண்டு காலி.
அதற்கடுத்து: அல்.

மேல்வரிச் சொல் கீழ்வரிக்கு ஒழுகுவது
இந்த ஏடுகளில் சகஜம்.
‘எழுத்தர் பிழை’ என்று என் தாளில் குறித்துவிட்டு
சாப்பிடப் போனேன்.

பாதி ரொட்டியில் ஞாபகம் வந்தது 1907இன் சட்டம்.
அன்னியனைக் கட்டிக்கொண்டவள் அன்னியள்.
மீதியைப் பொட்டலத்தில் சுருட்டிவிட்டுத்
திருமணப் பதிவேட்டை எடுத்தேன்.
1911, அக்டோபர். தெர்ஸா ட்ரெம்பாத்.
தகப்பன் வீடு அதே தெரு, எதிர்ச்சாரி, எண் பதினாறு.

தெருவைக் கடந்தாள்.
அவ்வளவுதான் அவள் செய்த பயணம்.
கப்பல் இல்லை, ஏறிய துறைமுகம் இல்லை,
எழுதுவதற்கு ஓர் ஆண்டுகூட இல்லை.

ட்ரெசைஸ் என்பதும் கார்ன்வால் பெயர்தான்.
அவளைச் சிறுமியாகத் தெரிந்திருக்கலாம்,
ஒரே சர்ச்சில் பாடியிருக்கலாம்.
அந்த ஒரு கட்டத்தில் மை கட்டியாக நிற்கிறது,
பேனாவை ஊன்றி நிறுத்திய மாதிரி.
குளிராகவும் இருக்கலாம்.

அவளுக்குக் கீழே மூன்று பிள்ளைகள்.
மிச்சிகன், மிச்சிகன், மிச்சிகன்.
அவர்களைப் பதினான்காம் கட்டம் ஒன்றும் கேட்கவில்லை.
மூன்று குடிமக்களுக்கும் அன்றிரவு
கஞ்சி ஊற்றியவள் வெளிநாட்டுக்காரி.

‘எழுத்தர் பிழை’யை அழித்தேன்.
ரப்பர் தாளையும் கொஞ்சம் தின்றுவிட்டது.

அன்புள்ள மார்லிஸ்,
உங்கள் வீட்டில் அல் இரண்டு பேர்.
ஒருவர் 1903இல் வந்தவர்.
இன்னொருவர் எங்கிருந்தும் வரவில்லை;
அவரைப் பற்றித் தனித்தாளில் எழுதியிருக்கிறேன்,
உட்கார்ந்து படியுங்கள்.

படத்திலிருப்பவர் யாரென்று எனக்குத் தெரியவில்லை.
மாமா என்றே கூப்பிட்டுக்கொண்டிருங்கள்.
நல்ல மீன்.